நிறம் மாறாத சீசா

நீலாஞ்சனாவின் சளியில் கிருமி இல்லை. சிறுநீரில் மருந்தும் இல்லை.

இரண்டு செய்தியும் ஒரே பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக, தனகோட்டியின் உருண்டையான கையெழுத்தில் இருந்தன. டாக்டர் மரியசெல்வம் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். எதிரே நின்ற நர்ஸ் தனகோட்டி முதலில் காலை மாற்றி நின்றாள், பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் பேசாமல் இருக்கும்போது தொந்தரவு செய்யக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

1964, மார்கழி மாதத்துப் புதன்கிழமை. செஞ்சிக் கடைவீதிக்குப் பின்னால் மணிலாக் கடலை மூட்டை அடுக்கும் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, ஆராய்ச்சி நிலையமாக்கியிருந்தார்கள். எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தும் மணிலா வாசனை போகவில்லை. ஆராய்ச்சி இதுதான்: காசநோய் கண்டவர்களை வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுக்கவைக்காமல், மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டிலேயே குணமாக்க முடியுமா? படுக்கைகள் குறைவு, நோயாளிகள் அதிகம். முடியும் என்று மரியசெல்வம் உறுதியாகச் சொன்னார். மெட்ராஸில் அவருடைய மேலதிகாரிகள் பலர் முடியாது என்றார்கள்.

முடியாது என்று அவர்கள் சொன்னதற்குக் காரணம் மருந்து அல்ல, மனிதர்கள். முதல் இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும். அதற்குப் பிறகும் காலையில் பத்து, மாலையில் பத்து என்று குமட்டுகிற மாத்திரைகளை ஒரு வருஷம் முழுக்க யார் விழுங்குவார்கள்? பாதியில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கே அடங்காததாகிவிடும். அதனால் மரியசெல்வம் ஒரு சோதனை ஏற்படுத்தியிருந்தார். மாதம் ஒரு தடவை, தேதி சொல்லாமல், விடிந்ததும் ஆறரை மணி வாக்கில் தனகோட்டி நோயாளியின் வீட்டு வாசலில் போய் நிற்பாள். ஒரு சீசாவில் சிறுநீர் வாங்கி வருவாள். அதில் மஞ்சள் திரவத்தைச் சொட்டு விட்டால், முதல் நாள் மாலை மருந்து உள்ளே போயிருந்தால் நாவற்பழச் சாறு மாதிரி நிறம் மாறும். போகாவிட்டால் மாறாது. தொடர்ந்து மூன்று மாதம் மாறாவிட்டால் வீட்டு வைத்தியம் நிறுத்தம், வேன் வந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய்விடும். விதியை எழுதியவர் மரியசெல்வமேதான். "வாய் பொய் சொல்லும், மூத்திரம் சொல்லாது" என்று வேலைக்குச் சேருகிற எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார்.

"ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மூணு மாசம் ஆயிடுச்சு" என்றார் கடைசியில்.

"நம்பவே முடியல சார்" என்றாள் தனகோட்டி. "மாத்திரைய எண்ணிப் பாத்தா கணக்கா இருக்குது. ஆளும் ஏழு பவுண்டு ஏறியிருக்குது. அந்த நயினாரு வூட்டுப் பொண்ணு பொய் பேசறவ மாதிரியே இல்ல."

அந்தப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களை ஊர் நயினார் என்றுதான் கூப்பிடும்.

"கெணத்துல கொட்டினாக்கூட எண்ணிக்கை கணக்காத்தான் இருக்கும் தனகோட்டி."

"அப்ப சளி எப்படி சார் நல்லாயிருக்கும்?"

அந்தக் கேள்வியைத்தான் அவரும் அரை மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பதிலும் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். போன வருஷம் அனந்தபுரத்தில் ஒரு மண்டிக்காரர், தன் சளியில் கிருமி தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, மூட்டை தூக்குகிறவனைத் துப்பச் சொல்லி டப்பாவைக் கொடுத்தனுப்பினார். நான்கு மாதம் ஏமாற்றினார். ஐந்தாம் மாதம் ரத்தம் கக்கினார்.

"சளி அவளோடது இல்ல" என்றார் மரியசெல்வம். "ஜீப்ப எடுக்கச் சொல்லு."

வல்லத்தில், நீலாஞ்சனாவின் வீடு இருந்த நயினார் தெரு முழுக்க மல்லாட்டைக் கடலை உரிக்கிற சத்தமாக இருந்தது. வாசலுக்கு வாசல் பெண்கள் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மரியசெல்வம் மாதா கோயில் பாட்டுக் குழுவில் வளர்ந்தவர். மெதுவாகப் பேச அவருக்கு வராது. ஜீப்பிலிருந்து இறங்கி, வீட்டு வாசலில் நின்ற அவள் கணவன் விருஷபதாஸைப் பார்த்து அவர் சொன்னது தெருக்கோடி வரை கேட்டது.

"வெள்ளிக்கிழமை வேன் வருது. உங்க சம்சாரத்துக்குத் துணிமணி எடுத்து வெச்சிடுங்க. ஒரு வருஷம் அங்க இருக்கணும்."

"எதுக்கு டாக்டர்?" என்றான் விருஷபதாஸ். அவனுக்கு முப்பது வயது இருக்கும், விவசாயம். "இருமல்தான் நின்னுபோச்சே. சளியில ஒண்ணுமில்லன்னு நீங்கதானே போன மாசம் சொன்னீங்க?"

"சளியில ஒண்ணுமில்ல. மருந்தும் உடம்புல இல்ல. மருந்து சாப்பிடாம சளி எப்படி நல்லாகும்? சொல்லுங்க. டப்பால நீங்க குடுத்தனுப்புற சளி யாரோடது?"

தெருவில் உரிக்கிற சத்தம் நின்றது. ஒரு வாசலில் நின்றது, பிறகு அடுத்ததில், பிறகு அதற்கடுத்ததில்.

முதலில் வாய் திறந்தவள் விருஷபதாஸின் அம்மா விஜயா. முறத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். "இன்னா கேட்டீங்க? யாரோட சளியா? பக்கத்து வூட்ல உறமோர் வாங்கியாற மாதிரி எம் மருமவ சளிய இரவல் வாங்கியாறாளா? எந்த வூட்ல குடுக்கறாங்க, சொல்லுங்க, நானும் ஒரு டம்ளரு வாங்கியாறேன்!"

எதிர் வாசலில் யாரோ சிரித்தார்கள். சிரித்தவர்கள் உடனே அடக்கிக்கொண்டார்கள்.

நீலாஞ்சனா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயது. இரண்டு வயதுப் பெண் குழந்தை அவளுடைய புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. டாக்டரை நேராகப் பார்த்தாள்.

"என்னுதுதான்" என்றாள்.

பிறகு வெகுநேரம் பேசவில்லை. மரியசெல்வமும் பேசவில்லை. மௌனத்தில் ஆட்களை அளப்பது அவருக்குப் பழக்கம். பொய் சொல்கிறவர்கள் மௌனத்தைத் தாங்க மாட்டார்கள், எதையாவது சொல்லி அதை நிரப்பப் பார்ப்பார்கள் என்பது அவருடைய அனுபவம். இவள் நிரப்பவில்லை. அது அவரைக் கொஞ்சம் உறுத்தியது.

"அந்த ஆஸ்பத்திரியில சாயங்காலச் சோறு எத்தினி மணிக்குப் போடுவாங்க?" என்று கேட்டாள்.

"எட்டு மணிக்கு."

"அப்ப எனக்கு ஒரு வேளைதான். ஒரு வேளைச் சோத்துல இந்த இருபது மாத்திர வயித்துல தங்காது டாக்டர். ஒரு வருஷம் நான் தாங்க மாட்டேன். கொழந்தைய வுட்டுட்டுப் போறதக்கூட பொறுத்துக்குவேன். அங்க போனா திரும்பி வர மாட்டேன்."

"அங்க போனா எல்லாம் பழகிடும்" என்றார் மரியசெல்வம். இதே வார்த்தையை அவர் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறார். போன மாதம்கூட மகாவீரன் என்ற நயினார் வீட்டு ஆள் ஒருவரிடம் சொல்லித்தான் வேனில் ஏற்றினார்.

விஜயா வானத்தைப் பார்த்தாள். "பொழுது சாயுது. சண்டைய சாப்ட்டுட்டுப் போட்டுக்கலாம். பேத்தி பட்டினி கெடப்பா. நீங்களும் உள்ள வாங்க டாக்டர். திட்ட வந்தவராச்சேன்னு சோறு போடாம அனுப்பற வூடு இல்ல இது."

மறுத்திருக்கலாம். ஜீப் நின்றுகொண்டிருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் மௌனம் உறுத்திக்கொண்டிருந்ததால் மரியசெல்வம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தனகோட்டி பின்னாலேயே வந்தாள்.

இலை போட்டார்கள். சோறு, வெங்காயமில்லாத பருப்புக் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல். நீலாஞ்சனா சற்றுத் தள்ளி, தனக்கென்று ஒதுக்கிய தட்டில் சாப்பிட்டாள். அவளுடைய டம்ளரும் தனி. அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது தனகோட்டி. சாப்பிட்டு முடித்ததும் மாடத்திலிருந்து மருந்து டப்பாவை எடுத்து, உள்ளங்கையில் பத்து மாத்திரைகளை எண்ணி வைத்தாள். டாக்டரைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாக விழுங்க ஆரம்பித்தாள். ஒன்றுக்கு ஒரு வாய் தண்ணீர். இவர் பார்க்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தாள். ஆறாவதில் அவளுக்குக் குமட்டியது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு ஏழாவதை எடுத்தாள். அந்தக் குமட்டலை நடித்துக் காட்ட முடியாது. ஆறு மாதம் தினமும் விழுங்கியவர்களுக்குத்தான் அது ஆறாவது மாத்திரையில் வரும், ஏழாவதில் அடங்கும்.

பத்தாவது போனதும் மரியசெல்வம் பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஐந்து இருபது.

வாய்க்குக் கொண்டுபோன சோற்றை இலையிலேயே வைத்தார்.

நயினார் வீட்டில் இருட்டினால் ஒரு பருக்கை உள்ளே போகாது, சொட்டுத் தண்ணீரும் போகாது என்பது செஞ்சிச் சீமையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். மரியசெல்வத்துக்குத் தெரியும். தனகோட்டிக்குத் தெரியும். வெளியே ஜீப்பில் பீடி குடித்துக்கொண்டிருந்த டிரைவருக்கும் தெரியும். தெரிந்த அந்தச் சங்கதியைக் கொண்டுபோய்ச் சீசாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சோதனைக்கு நேரம் குறித்தபோது மரியசெல்வம் தன் சொந்த ஊரை மனதில் வைத்துக் குறித்தார். அங்கே கழனியிலிருந்து வந்து குளித்து, செபம் சொல்லி, சாப்பிட ஒன்பது மணி ஆகும். ஒன்பதிலிருந்து காலை ஆறரை வரை ஒன்பதரை மணி நேரம், மருந்து தங்கியிருக்கும். ஐந்து இருபதிலிருந்து கணக்குப் போட்டால் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

"பதிவேட்டக் குடு" என்று கையை நீட்டினார்.

"எச்சக் கை சார்" என்றாள் தனகோட்டி.

இடது கையால் வாங்கிப் பிரித்தார். ஆடியில் நல்ல நிறம். ஆவணியில் நல்ல நிறம். புரட்டாசியில் லேசாக. ஐப்பசியிலிருந்து ஒன்றுமில்லை.

"ஆடி மாசம் எத்தினி மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று விஜயாவைக் கேட்டார்.

"பொழுது இருக்கற வரைக்கும் நேரந்தானே? ஆறு ஆவும், ஆறேகால் ஆவும். இப்ப மார்கழி, பொழுது ஓடிப்போயிடுது. அஞ்சுக்கே அடுப்ப அவிக்க வேண்டியிருக்குது."

"காலையில எத்தினி மணிக்கு எழுந்திருப்பே?" இது நீலாஞ்சனாவிடம்.

"நாலரைக்கு."

"எழுந்ததும்..." மரியசெல்வம் தயங்கினார்.

"கொல்லைக்குப் போவியான்னு கேக்கறாரும்மா" என்றாள் தனகோட்டி.

"டாக்டருங்க போறதில்லியா?" என்றாள் விஜயா.

அந்த வீட்டில் முதல் தடவையாக எல்லாரும் சிரித்தார்கள். மரியசெல்வம் சிரிக்கவில்லை. இரவெல்லாம் சேர்ந்தது நாலரைக்கே போய்விடுகிறது. ஆறரைக்குச் சீசாவில் விழுவது அதற்குப் பிறகு ஊறிய இரண்டு மணி நேரத்துச் சொச்சம். அதில் என்ன நிறம் வரும்? அவருக்கு விடை பளிச்சென்று தெரிந்துவிட்டது. அது தன்னுடைய தவறு என்பதும் தெரிந்தது. ஆனாலும் அந்த மனிதருக்குள் தயக்கம் எதுவும் வரவில்லை. சரி என்று நினைத்தபோது எந்த வேகத்தில் வந்தாரோ, தவறு என்று தெரிந்ததும் அதே வேகத்தில் திரும்பினார்.

"அந்த மாத்திரையில பத்து எனக்குக் குடு" என்றார்.

நீலாஞ்சனா டப்பாவை நகர்த்தினாள். அவர் பத்தையும் எண்ணி இலையோரம் வைத்தார்.

"நோவு இல்லாத மனுஷன் எதுக்கு இத முழுங்கறது?" என்று விஜயா பதறினாள்.

"நாளைக்குக் காலையில நானும் நாலரைக்கு எழுந்திருப்பேன். ஆறரைக்கு என் சீசாவையும் பாப்பேன். எனக்கும் நிறம் வரலைன்னா உங்க மருமக பொய் சொல்லல."

"வந்துட்டா?" என்று கேட்டாள் நீலாஞ்சனா.

"வந்துட்டா வெள்ளிக்கிழமை வேன்ல ஏறணும்."

அவள் யோசித்தாள். கணவனைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்க்கவில்லை.

"சரி. ஆனா விடியற வரைக்கும் நீங்களும் தண்ணி குடிக்கக் கூடாது. நான் குடிக்கறதில்ல. ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கணும்."

மரியசெல்வம் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அவருடைய ஆட்களில் பாதிப் பேருக்கு அது தோன்றியிருக்காது. "குடிக்க மாட்டேன்" என்றார். பத்தையும் விழுங்கினார். நான்காவதிலேயே அவருக்குக் குமட்டிவிட்டது. ஏழாவதில் கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்துச் சீட்டில் ‘வேளைக்குப் பத்து’ என்று எழுதி எழுதிப் பழகிய கைக்கு அந்தப் பத்தாவதை எடுக்க வெகுநேரம் பிடித்தது.

தனகோட்டி அன்று வல்லத்திலேயே தங்கினாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில், மடியில் மூன்று சீசாக்களை வைத்துக்கொண்டு செஞ்சிக்கு வந்து இறங்கினாள். மாலை ஏழு மணிக்கு ஒன்று, விடிகாலை நாலரைக்கு ஒன்று, ஆறரைக்கு ஒன்று. மூன்றும் அவள் கண்ணெதிரே வாங்கியவை. மேசைமேல் டாக்டரின் மூன்று சீசாக்கள் ஏற்கெனவே இருந்தன. இரவெல்லாம் தண்ணீர் குடிக்காமல் நாக்கு வறண்டு, அவர் முகம் வெளுத்திருந்தது.

பெயரெழுதிய ஆறு சீசாக்களையும் ஜோடி ஜோடியாக நிறுத்தினார்கள். மரியசெல்வம் சொட்டு விட்டார். ஏழு மணிச் சீசாக்கள் இரண்டும் சொட்டு விழுந்ததுமே கருநாவலாகத் திரண்டன. நாலரை மணிச் சீசாக்களில் நிறம் வந்தது, அவ்வளவு அழுத்தமில்லை. ஆறரை மணிச் சீசாக்களில் விட்ட சொட்டு விட்ட மஞ்சளாகவே கிடந்தது. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெளியே பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. நிறம் மாறவில்லை.

தனகோட்டி பதிவேட்டில் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். "டாக்டர் மரியசெல்வம், மருந்து இல்லைன்னு எழுதட்டுமா சார்?"

"எழுது."

எழுதினாள். எழுதும்போது சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். அவரும் சிரிக்கப் போனவர், ஏதோ நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

"நம்ம பதிவேட்டுல நயினார் வீடு எத்தன?"

"அஞ்சு சார். மகாவீரனையும் சேத்து."

ஐந்து பக்கங்களையும் எடுத்துப் பார்த்தார்கள். நான்கு பேருக்கு ஆடியில் இருந்த நிறம் கார்த்திகைக்குள் போயிருந்தது. பகல் குறையக் குறைய நிறமும் குறைந்திருந்தது. ஐந்தாவது ஆள் செஞ்சியில் கடை வைத்திருப்பவர், ஏழு மணிக்கு மேல்தான் எழுந்திருப்பார், தனகோட்டி எழுப்பி வாங்குவது இரவெல்லாம் சேர்ந்தது, அவருக்கு மட்டும் நிறம் அப்படியே இருந்தது. மகாவீரன் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மரியசெல்வம் அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தனகோட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வேன் வந்தது. முன் சீட்டிலிருந்து இறங்கியவர் டாக்டர் கலியபெருமாள். மெட்ராஸில் இந்த ஆராய்ச்சிக்குத் தலைவர், வயது ஐம்பத்தைந்து, அதட்டாமலே ஆளை உட்காரவைக்கக் கூடியவர். மரியசெல்வம் எதையும் மறைக்கவில்லை. சளி யாருடையது என்று தெருவில் நின்று கேட்டது முதல், பத்து மாத்திரை விழுங்கியது வரை எல்லாவற்றையும் சொன்னார். ஆறு சீசாக்களையும் காட்டினார்.

கலியபெருமாள் காப்பியைக் குடித்து முடித்தார்.

"ரெண்டே ஆள். ஒரே நாள். இதுக்குப் பேரு ஆராய்ச்சியாப்பா?"

"இல்ல சார். இது கேள்வி. ஆனா கேள்விக்குப் பதில் தெரியற வரைக்கும் அவங்கள வேன்ல ஏத்தக் கூடாது."

"விதி நீ எழுதினது."

"நான் எழுதினதுதான். அதனாலதான் தப்புன்னும் நானே சொல்றேன். அந்த விதிப்படி பாத்தா என்னையும் சேத்து ஏத்திக்கிட்டுப் போகணும்."

"வீட்டுக்கு ஒரு நேரத்துல சோதிச்சா எல்லாத்தையும் எப்படி ஒரே கணக்குல சேக்கறது? நாளைக்கு நான் டெல்லியில போய் என்ன சொல்லுவேன்?"

"நேரம் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். மருந்து முழுங்கினதுலேருந்து மூணு மணி நேரம். நாம இவ்வளவு நாளா நம்ம கடிகாரத்தப் பாத்துப் போனோம். இனிமே அவங்க மாத்திர முழுங்கற நேரத்துலேருந்து எண்ணிட்டுப் போவோம்."

கலியபெருமாள் சீசாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "நீ சொல்றது சுலபம். இவங்க பிடிவாதம் உனக்குத் தெரியாது. போன மாசம் நீ அனுப்பினியே ஒருத்தர், மகாவீரன், வார்டுல ஒரே புகார். சாயங்காலத் தட்டத் தொடறதே இல்லையாம். மாத்திரைய வெறும் வயித்துல போட்டு வாந்தி எடுக்கறாராம். ஆறு பவுண்டு இறங்கிட்டாரு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். சீசாவைக் கீழே வைத்தார். கிடங்கின் ஓட்டுக்கு மேல் காக்கை நடக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. வீட்டில் ஏழு பவுண்டு ஏறியவளை, ஒருவர் ஆறு பவுண்டு இறங்கிக் கிடக்கிற இடத்துக்கு அழைத்துப் போக வெளியே வேன் காத்திருந்தது.

கலியபெருமாள் சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். நீலாஞ்சனாவின் பெயர்மேல் கோடு போட்டார். பின்பக்கம் திருப்பி, மகாவீரனை வீட்டுக்கு அனுப்பும்படி இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டார்.

"ரெண்டு மாசம் தரேன். உன் புது நேரத்துல சோதிச்சு எழுது. அதுக்குள்ள அந்தப் பொண்ணு சளியில ஒரே ஒரு கிருமி தெரிஞ்சாலும்..."

"தெரியாது சார்."

"அவ்வளவு நம்பிக்கையா?"

"ஆமா சார்."

"முந்தாநாள் இதே நம்பிக்கையோடதானே சளி யாரோடதுன்னு கேட்டே?"

மரியசெல்வம் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார்.

வேன் திண்டிவனம் சாலையில்தான் திரும்பிப் போக வேண்டும், வல்லத்தைத் தாண்டித்தான். ஜீப் முன்னால் போக, வேன் பின்னால் வந்தது. தெருமுனையில் ஜீப் திரும்பியபோது வேன் சாலையிலேயே நேராகப் போய்விட்டது. ஆனால் அதற்குள் அதைப் பார்த்துவிட்ட யாரோ ஓடிவந்து சொல்லியிருக்க வேண்டும். நயினார் தெரு முழுவதும் வாசலுக்கு வந்து நின்றிருந்தது. விருஷபதாஸ் வீட்டு நிலைப்படி ஓரமாக, பழைய வேட்டியில் கட்டிய துணி மூட்டை ஒன்று இருந்தது. குழந்தை அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. விஜயா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

மரியசெல்வம் படியேறி நிலைப்படிக்குள் வந்து நின்றார். நீலாஞ்சனாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அவருக்கு அப்படிப் பேச வரும் என்பது தனகோட்டிக்கே அன்றுதான் தெரிந்தது.

"வேன் உனக்கு இல்லம்மா. எனக்கும் நிறம் வரல. நீ சரியாத்தான் மருந்து சாப்ட்டிருக்க. சோதனைதான் தப்பு."

விருஷபதாஸ் கையெடுத்துக் கும்பிட்டான். விஜயா அழுகையை நிறுத்திவிட்டு, "நான் அப்பவே சொன்னேனா இல்லியா" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். நீலாஞ்சனா மட்டும் அசையவில்லை.

"கேட்டது தெருவுல" என்றாள். "சொல்றது மட்டும் வூட்டுக்குள்ளயா டாக்டர்?"

"ஏய், இன்னாடி இது, பெரியவர..." என்று விருஷபதாஸ் பதறினான்.

"நீ சும்மா இருடா" என்றாள் விஜயா. "அவ கேக்கறதுல இன்னா தப்பு? ரெண்டு நாளா எதிர்வூட்டுக்காரி எங்கிட்ட உறமோர் கேக்க வரல, தெரியுமா உனக்கு?"

மரியசெல்வம் நீலாஞ்சனாவைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். முந்தாநாள் மாதிரியே எதையும் சொல்லி நிரப்பாமல் நின்றாள். அவர் திரும்பி, படியிறங்கி, தெருவின் நடுவில் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் கேளுங்க. புதன்கிழமை இங்க நின்னு நான் ஒண்ணு கேட்டேன். அது தப்பு. இந்தப் பொண்ணு ஒரு நாள்கூடத் தவறாம மருந்து சாப்ட்டிருக்கு. சளியும் அவளோடதுதான். நீங்க பொழுதோட சாப்பிடறவங்க. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் யோசிக்கல. தப்பு என்னோடது. ஊர்ல யாராவது வேற மாதிரி பேசினா, டாக்டரே தப்புன்னு ஒத்துக்கிட்டான்னு சொல்லுங்க."

எதிர் வாசலில் ஒரு வயதான பெண் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நாங்க அன்னைக்கே நம்பலப்பா" என்றாள்.

"அதான் அப்படிச் சிரிச்சியாக்கும்" என்றாள் விஜயா.

மல்லாட்டை உரிக்கும் சத்தம் மறுபடி ஒரு வாசலில் தொடங்கியது.

தனகோட்டி நோட்டைப் பிரித்தாள். "இனிமே காலையில வர மாட்டோம் பொண்ணே. ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவோம். அடுத்த தடவ தை மாசம், இரு, தேதி சொல்றேன், பத்தாந்தேதி..."

"தேதிய எதுக்குச் சொல்றீங்க?" என்றாள் நீலாஞ்சனா.

தனகோட்டி நிமிர்ந்து பார்த்தாள்.

"தேதி தெரிஞ்சா அன்னைக்கு மட்டும் முழுங்கறவங்களும் இருப்பாங்க. அப்புறம் அந்தச் சீசாவப் பாத்து இன்னா பிரயோஜனம்? சொல்லாமலே வாங்க. விளக்கு எரிஞ்சிட்டிருக்கும்."

மரியசெல்வம் தெரு நடுவில் நின்றபடியே சத்தமாகச் சிரித்துவிட்டார். தனகோட்டி பென்சிலால் அந்தத் தேதியை அழுத்தி அடித்தாள். நீலாஞ்சனா குழந்தையை இறக்கிவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு, முடிச்சை அவிழ்த்தபடியே உள்ளே போனாள்.